பெயர் இழந்தோரின் வம்ச சரித்திரம்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. பெரிய நதியின் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் பாறையிடுக்கில் கசியும் சிறு ஊற்றைத்தான் காண்போம். அதனால் நதியின் பெருமை குறைந்துவிட்டதாகச் சிற்றறிவினர் எண்ணக்கூடும் என்பதே இவ்வாக்கின் கருத்து. தம் மூலத்தை அறிந்தவர்களுக்கு, அறிந்தும் அதை மறைத்துக்கொள்ள வசதி பெற்றவர்களுக்கு, இது பொருத்தமான உபதேசமே. ஆனால் தம் மூலத்தைப் பிறர் பறித்துக்கொண்டதனால் பாட்டன் பெயரும் பூட்டி பெயரும் அறியாது நிற்கும் ஜனங்களுக்கு இந்த உபதேசத்தைச் செய்யலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைகளின் சந்ததியாகப் பிறந்த கறுப்பு ஜனங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுள் அநேகர் இன்று ஜில்லாக் கச்சேரிகளிலும் சர்க்கார் தஸ்தாவேஜு நிலையங்களிலும் ஏடு ஏடாகப் புரட்டித் தம் மூதாதையரைத் தேடி வருகின்றனர். அத்தேட்டத்தின் தன்மையையும் அதிலுள்ள இடர்களையும் நமது வாசகர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதி, ஒரு நாட்டுப்புற ஏழை ஸ்திரீயின் வரலாற்றை முன்னிட்டு இங்கே சில விஷயங்களைக் கூற விரும்புகிறோம்.

1850-ம் வருஷத்தில், தென் கரோலினா மாகாணத்தில், டேவிட் பாட்டர்ஸன் என்னும் முதிய பண்ணைக்காரர் ஒருவர் உயில் எழுதினார். ராட்டைகள், அரிவாள்கள், மேஜை விரிப்புகள், மாடுகள் ஆகிய தம் உடைமைகளையெல்லாம் வாரிசுகளுக்குப் பங்கிட்டு வந்த அவர், அவற்றினிடையே மெல்வினியா என்ற கறுப்புச் சிறுமி ஒருத்தியையும் சேர்த்து எழுதினார். அவளுக்கு அப்போது வயது ஆறு. 1852-ல் பாட்டர்ஸன் காலமானார். சொத்து ஜாப்தாவில் அந்தக் குழந்தைக்கு 475 டாலர் என்று மதிப்புப் போடப்பட்டது. இருபத்தொரு அடிமைகள் வாழ்ந்த பண்ணையில் வளர்ந்த அச்சிறுமி, தான் அறிந்த முகங்களையெல்லாம் விட்டுப் பிரிக்கப்பட்டு, ஜார்ஜியா மாகாணத்தில் பாட்டர்ஸனுடைய பெண்ணும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் நடத்திவந்த 200 ஏக்கர் பண்ணைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே அடிமைகள் மூவரே. கோதுமை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பருத்தி ஆகியவை அப்பண்ணையின் விளைபொருள்கள். 1859-ம் வருஷத்தையொட்டி, ஏறக்குறையப் பதினைந்து வயதில், அவள் ஓர் ஆண் மகவை ஈன்றாள். டால்பஸ் என்று பெயரிடப்பட்ட அம்மகவின் தந்தை ஒரு வெள்ளையர்.

இந்த டால்பஸின் பேரனுடைய பேத்தியே, அமெரிக்காவின் முதற் கறுப்பு ஜனாதிபதியான பராக் ஒபாமாவின் மனைவியார் மிஷெல் ஒபாமா அம்மையார். உயிலில் ராட்டையோடும் மாட்டோடும் எழுதப்பட்ட சிறுமி அவருக்கு மேல் ஐந்தாந் தலைமுறை. 2009-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இவ்வம்சாவளியை வெளியிட்டது. மெகன் ஸ்மோலென்யாக் என்னும் வம்சாவளி ஆராய்ச்சியாளர் பழைய கணக்குகளையும் உயில்களையும் ஆராய்ந்து இதைத் திரட்டியிருந்தார். ஒரு தேசத்தின் தலைவருடைய மனைவியாரின் வம்சமே அதுவரையில் இருளில் கிடந்ததென்றால், சாமானியக் குடும்பங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அமெரிக்கா கணக்கெழுதுவதில் சோம்பிய நாடன்று. பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வேண்டுமென்று அதன் அரசியல் சட்டமே விதிக்கிறது. 1790 முதல் இன்றுவரை அக்கணக்கு தவறாமல் எடுக்கப்பட்டு வருகிறது. அப்படியிருக்க, நாட்டுப்புறத்தில் ஏர் உழுத வெள்ளைக் குடியானவர் ஒருவருடைய சந்ததியார் தம் பூட்டனாரை ஓரளவு எளிதில் கண்டுகொள்ள, அதே வயலில் அவரருகே மண் வெட்டிய கறுப்பருடைய சந்ததியார் இருட்டில் துழாவ வேண்டியிருப்பதேன்? இக்கேள்விக்கு விடை அந்நாட்டு அரசியலில் இருக்கிறது.

1787-ல் வகுக்கப்பட்ட அரசியல் சட்டம், பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை ஸ்தானங்கள் என்பதை ஜனத்தொகையைக் கொண்டே நிர்ணயித்தது. அடிமைகளுக்கு வோட்டு இல்லை, பேச்சுரிமை இல்லை, தம் உடல்மீதே உரிமை இல்லை. ஆயினும் எஜமானர்களின் மாகாணங்களுக்கு ஸ்தானங்கள் கூடுவதற்காக, அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிட்டுக் கொள்ளலாமென்று சட்டம் இடங் கொடுத்தது. ஆகவே அவர்களை எண்ண வேண்டிய அவசியம் இருந்தது. அவர்கள் யார் என்று அறிய வேண்டிய அவசியம் இல்லை. தம்மைக் கட்டிய தளை மேலும் இறுகுவதற்குத் தம் தலைகளே எண்ணிக்கையாக உதவின என்பதினும் கொடிய விபரீதம் வேறுண்டோ?

1840 வரையில் எடுக்கப்பட்ட கணக்குகளில் சுதந்திர ஜனங்களிலும் குடும்பத் தலைவருடைய பெயர் ஒன்றே எழுதப்பட்டது. மற்றவர்களெல்லாம் வெறும் எண்களே. 1850-ல் இம்முறை மாறிற்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு சுதந்திர மனிதரின் பெயரையும், வயதையும், பிறந்த மாகாணத்தையும் எழுதத் தொடங்கினர். தொட்டிற் குழந்தையின் பெயர்கூட ஏட்டில் ஏறிற்று. அடிமைகளின் பெயர்களையும் எழுத வேண்டுமென்ற யோசனை மசோதாவில் இருந்தது. செனெட் சபையில் விவாதம் நடந்தபோது தென்னாட்டு அங்கத்தினர்கள் அதை ஆட்சேபித்தனர். முடிவில், பெயருக்குப் பதிலாக எண்ணைப் போட்டால் போதும் என்று தீர்மானமாயிற்று. அடிமைகள் பெயரின்றிப் போனது குமாஸ்தாவின் அசிரத்தையால் அன்று. சட்டசபையில் கூடிய பெரியோர்கள் யோசித்து, விவாதித்து, வோட்டெடுத்துச் செய்த காரியம் அது. இதை நமது வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டும்.

இவ்வாறு 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனிக் கணக்கு எழுதப்பட்டது. எஜமானரின் பெயர் மேலே நிற்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா என்பது, நிறம்: இவ்வளவே. 1860-ல் ஏறக்குறைய முப்பத்தொன்பதரை லட்சம் மனிதர்கள் இப்படி எழுதப்பட்டனர். அதே வருஷத்தில் எடுக்கப்பட்ட விவசாயக் கணக்கோ மிகவும் நுட்பமானது. ஹென்றி ஷீல்ட்ஸின் பண்ணையில் குதிரைகள் 3, பசுக்கள் 5, பன்றிகள் 17, ஆடுகள் 20 என்பதை அதிலிருந்து நாம் இன்றும் அறியலாம். அப்பண்ணையில் உழைத்த பெண்ணின் பெயரை மட்டும் சர்க்கார் கேட்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறி, அடிமைத்தனம் ஒழிந்தது. அதன் பிறகு வந்த 1870-ம் வருஷத்துக் கணக்கிலேதான் விடுதலை பெற்ற ஜனங்கள் எல்லோரும் முதன்முதலாகப் பெயருடன் எழுதப்பட்டனர். வம்சத்தைத் தேடுவோர் பின்னோக்கிச் சென்று 1870-ஐ அடைந்ததும் ஒரு மதிலில் முட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுகின்றனர். மதிலுக்கு இப்புறம் பெயருள்ள மனிதர். அப்புறம் பெயரற்ற எண். மெல்வினியாவும் அந்த 1870-ம் வருஷத்துக் கணக்கில்தான் குடும்பமாகக் காட்சியளிக்கிறார். பண்ணைக் கூலி வேலை, குழந்தைகள் நால்வர், அவர்களுள் மூவர் கலப்பு நிறத்தவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்து நிலம் ஹென்றி ஷீல்ட்ஸின் குமாரர் சார்லஸ் ஷீல்ட்ஸுடையது.

இம்மதிலைத் தாண்டுவதற்கு ஒரே வழி, எஜமானருடைய காகிதங்களைத் தேடிப் பிடிப்பதாகும். 1870-ல் குடும்பம் இருந்த ஜில்லாவை முதலில் நிச்சயிக்க வேண்டும். பிறகு அண்டை அயலில் வாழ்ந்த வெள்ளைக் குடும்பங்களை ஆராய வேண்டும். விடுதலை பெற்றவர்களுள் சிலர் கடைசி எஜமானரின் குடும்பப் பெயரைத் தரித்தனர். சிலர் பழைய எஜமானர் ஒருவரின் பெயரையும், சிலர் தாமே விரும்பிய பெயரையும் தரித்தனர். ஆகையால் பெயரை மாத்திரம் நம்புதல் தகாது. எஜமானர் இன்னார் என்று ஒருவாறு துணிந்த பின்னர், அவர் எழுதிய உயில், அவர் இறந்தபோது எடுத்த சொத்து ஜாப்தா, விற்பனைப் பத்திரம், அடமானப் பத்திரம், வரிக்கணக்கு முதலியவற்றை ஜில்லாக் கச்சேரியில் தேட வேண்டும். மனிதன் சொத்தாக இருந்தமையால் அவனைப் பற்றிய குறிப்பு சொத்துத் தஸ்தாவேஜுகளிலேயே கிடைக்கிறது. எந்தக் காகிதம் மெல்வினியாவைப் பண்டமாக்கிற்றோ அந்தக் காகிதமே அவருடைய பெயரையும் வயதையும் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

அக்காகிதங்களிலும் தாயின் பெயர் கிடைக்கும். தந்தையின் பெயர் கிடைப்பது அரிது. இதற்கும் காரணம் சட்டமே. பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று 1662-ம் வருஷத்திலேயே வர்ஜீனியாவில் சட்டமியற்றினர். மற்ற அடிமை மாகாணங்களும் அவ்விதியையே கைக்கொண்டன. தாய் அடிமையாயின் குழந்தையும் அடிமை; அக்குழந்தை தாயின் எஜமானருக்குச் சொத்து. எஜமானரோ அவர் குமாரரோ தந்தையாக இருந்தபோதிலும் தந்தைக்குரிய கடமை எதுவும் அவரைச் சாராது. ஆஸ்தி மட்டும் பெருகும். கன்று யாருடையது என்பதற்குப் பசுவின் சொந்தக்காரரைக் கேட்பது போன்ற இம்முறையில், தந்தையின் பெயரைக் கணக்கர் எழுதுவானேன்?

இவ்விஷயத்தில் பிரடெரிக் டக்ளஸ் என்ற மகா புருஷரின் வரலாற்றை நினையாமலிருக்க முடியாது. மேரிலாந்து மாகாணத்து டால்பட் ஜில்லாவில் ஒரு நாட்டுப்புறப் பண்ணையில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பியோடி, தம் நாவன்மையாலும் எழுத்து வன்மையாலும் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தூணாக விளங்கியவர் அவர். அவருடைய தாயார் ஹாரியட் பன்னிரண்டு மைல் தூரத்திலிருந்த வேறொரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டிருந்தார். பகல் முழுதும் வயலில் உழைத்துவிட்டு, இரவில் அவ்வளவு தூரமும் நடந்து வந்து, மகனைத் தூங்கவைத்துவிட்டு, விடியுமுன் திரும்பிப் போய்விடுவார். வாழ்நாளில் நாலைந்து முறைக்குமேல் தாயைக் கண்டதில்லையென்று டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். வெள்ளைச் சிறுவர்கள் தங்கள் வயதைச் சொல்ல, தமக்கு மட்டும் அது தெரியாதிருந்தது சிறு பிராயத்திலேயே தம் மனத்தை வருத்திற்று என்றும் அவர் கூறுகிறார். தாம் பிறந்தது 1817-ம் வருஷமாக இருக்கலாமென்று அவர் ஊகித்து வந்தார். 1877-ல், தேசம் போற்றும் பிரமுகரான பின்னர், மரணப் படுக்கையிலிருந்த தம் பழைய எஜமானர் தாமஸ் ஆல்டைக் காணச் சென்றபோது, அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டார். 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்று அந்த முதியவர் சொன்னார்.

டக்ளஸ் 1895-ல் காலமானார். அவர் காலமாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின், டிக்ஸன் பிரெஸ்டன் என்னும் பத்திரிகை ஆசிரியர் டக்ளஸின் இளம் பிராயத்தை ஆராய முற்பட்டார். டக்ளஸின் முதல் எஜமானரான ஆரன் அந்தோணி எழுதி வைத்திருந்த அடிமைகளின் ஜனனக் கணக்கு அவருக்கு உதவியாயிற்று. ஹாரியட்டின் மகன் பிரெடெரிக் அகஸ்டஸ் பிறந்தது 1818 பிப்ரவரி என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதோடு, டக்ளஸின் தாய்வழி வம்சம் ஐந்து தலைமுறைகளாக அப்பகுதியிலேயே வாழ்ந்ததென்பதையும், அவ்வம்சத்தின் மூல புருஷனான பேலி என்பவர் 1701-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பதையும் பிரெஸ்டன் நிலைநாட்டி, 1980-ல் ஒரு நூலாக வெளியிட்டார். தாம் பிறந்த மாதத்தை அறியாமல் ஏங்கிய ஒருவருக்கு, அம்மாதம் ஓர் எஜமானர் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டே இருந்தது! எழுதியவருக்கு அது கன்று ஈன்ற கணக்குப் போன்றது. எழுதப்பட்டவருக்கோ அது தம் பிறப்பின் சாட்சி.

எஜமானர்களின் கணக்குகளே இம்முயற்சிக்கு முழு ஆதாரம் என்று எண்ணிவிடக் கூடாது. விடுதலை கிடைத்த மறுகணமே அந்த ஜனங்கள் செய்த முதற் காரியம் தம் உற்றாரைத் தேடியதாகும். விற்கப்பட்ட தாயையும், பிரிக்கப்பட்ட பிள்ளையையும், காணாமற்போன கணவனையும் தேடிக் கால்நடையாகப் பல நூறு மைல் சென்றவர்கள் உண்டு. பத்திரிகைகளில் விளம்பரம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானவர். நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வெளிவந்த ஒரு கிறிஸ்தவ வாரப் பத்திரிகை ‘இழந்த நண்பர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் இதற்கென்றே ஒரு பகுதி நடத்திற்று. விளம்பரக் கட்டணம் அரை டாலர். படிக்கத் தெரியாதவர்களும் கேட்டறியுமாறு பாதிரிமார்கள் அதைக் கோவில்களில் வாசித்தனர். தாயின் பெயர், தன்னை விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், கடைசியாகக் கண்ட ஊர் ஆகியவையே அவ்விளம்பரங்களின் வாசகம். நாற்பது வருஷங்களுக்குப் பின்னும் அவை நின்றபாடில்லை. வில்லனோவா சர்வகலாசாலையார் 2017 முதல் இவ்விளம்பரங்களைத் திரட்டி வெளியிட்டு வருகின்றனர். பத்திரிகைத் தாளில் அச்சாகும் எழுத்துக்கு மறுநாளே மதிப்பில்லை என்பார் உளர். அவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

விடுதலை பெற்றோருக்காகச் சர்க்கார் 1865-ல் ஏற்படுத்தி 1872 வரை நடத்திய இலாகாவின் தஸ்தாவேஜுகளும் இத்துறையில் பெரும் பொக்கிஷமாகும். கூலி ஒப்பந்தங்கள், விவாகப் பதிவுகள், உணவு வழங்கிய கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. 2015-லும் 2016-லும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலியின்றி உழைத்து, அவற்றிலிருந்து ஏறக்குறைய 18 லட்சம் பெயர்களைப் பொறுக்கி அட்டவணை செய்து கொடுத்தனர். இதே 1865-ல் தோன்றிய விடுதலை பெற்றோர் சேமிப்பு பாங்கியின் கதை வேறு. கணக்குத் தொடங்க வருபவர்களிடம் தாய் தந்தையர், உடன்பிறந்தார், பழைய எஜமானர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது அந்தப் பாங்கியின் வழக்கம். நிர்வாகத்தினரின் ஊழலாலும் ஊதாரித்தனத்தாலும் அது நொடித்தது. 1874 மார்ச்சில் டக்ளஸைத் தலைவராக்கிப் பார்த்தனர். அவர் தம் சொந்தப் பணம் பத்தாயிரம் டாலரைக் கொடுத்தும் பயனில்லை. அவ்வருஷமே பாங்கி மூடப்பட்டது. 61,000-க்கு மேற்பட்ட ஏழைகள் ஏறக்குறைய 30 லட்சம் டாலரை இழந்தனர். அவர்கள் போட்ட பணம் போயிற்று; அவர்கள் சொன்ன பெயர்கள் மட்டும் ஏட்டில் தங்கின. அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் ஆஸ்தி அதுவே.

ஏடுகளைக் காப்பதிலும் சர்க்காரின் நடத்தை எப்போதும் மெச்சத்தக்கதாக இருந்ததில்லை. 1890-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு வாஷிங்டனில் வர்த்தக இலாகாக் கட்டடத்தின் கீழறையில் குவிக்கப்பட்டிருந்தது. 1921 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. நெருப்புக்கும் தீயணைத்த நீருக்கும் தப்பியவை பல வருஷங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1933 பிப்ரவரி 20-ல் ஜனாதிபதி ஹூவர் தேசியத் தஸ்தாவேஜு நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். மறுநாளே, மிஞ்சிய அக்காகிதங்களை அழித்துவிடக் காங்கிரஸ் சபை அனுமதி கொடுத்தது! பிறந்த ஊரை விட்டு வேற்றூர்களுக்கு அநேகர் குடிபெயர்ந்த காலம் அது. 1880-க்கும் 1900-க்கும் இடையே இருபது வருஷப் பள்ளம் விழுந்துவிட்டது. வெள்ளையர், கறுப்பர் என்ற பேதமின்றி எல்லோருடைய வம்சாவளியும் அப்பள்ளத்தில் தடுமாறுகிறது.

இம்முயற்சியில் இறங்குவோருக்கு மற்றோர் அபாயமும் உண்டு. ஆசை மிகுதியால் சான்றில்லாததையும் சான்றுள்ளதாக ஏற்றுக்கொள்வதே அது. அலெக்ஸ் ஹேலி என்ற கறுப்பு எழுத்தாளர், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட குண்டா கிண்டே என்பவர் முதலாகத் தம் வம்சக் கதையைக் கூறும் ‘ரூட்ஸ்’ என்ற நூலை 1976-ல் வெளியிட்டார். அது தேசத்தையே உலுக்கிற்று. லட்சக்கணக்கானவர்கள் தம் மூதாதையரைத் தேடக் கிளம்பியதற்கு அதுவே காரணம். ஆனால் வம்சாவளி வல்லுநர்கள் பின்னர் வர்ஜீனியாவின் பழைய காகிதங்களோடு அதை ஒத்துப் பார்த்தபோது, 1767-ல் கப்பலில் வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த மனிதர் அதற்கு முன்பே அப்பண்ணையாரின் ஏடுகளில் காணப்படுவது தெரியவந்தது. நூலின் வேகம் அதனால் குறையவில்லை. ஆயினும் அதைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை குறைந்தது. ஒரு முறை கொள்ளை போனவர்கள் மறுமுறை தம் ஆவலாலேயே ஏமாறலாகாது. ‘இதுவரை தெரிகிறது, இதற்கு மேல் தெரியவில்லை’ என்று சொல்லத் துணிபவரே உண்மையான வம்ச சரித்திரக்காரர்.

மெல்வினியாவின் வரலாற்றுக்குத் திரும்புவோம். விடுதலைக்குப் பின்னும் அவர் நெடுநாள் அப்பண்ணையின் பக்கத்திலேயே கூலி வேலை செய்தார். பிறகு முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ அவ்விடத்தை விட்டு, ஜார்ஜியாவின் வடமேற்கே பார்ட்டோ ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடன் குடியேறியவர்கள் போலஸ் ஈஸ்லி, மரையா ஈஸ்லி என்ற தம்பதிகள். இவர்கள் யாரெனில், தென் கரோலினாவில் பாட்டர்ஸன் பண்ணையில் அச்சிறுமியோடு அடிமைகளாக இருந்தவர்களே. எட்டு வயதில் பிரிக்கப்பட்ட பெண், எழுத்தறிவும் பொருளும் இல்லாத நிலையில், இத்தனை வருஷங்களுக்குப் பிறகு அவர்களோடு எவ்விதம் சேர்ந்தார் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. சேர்ந்தார் என்பதை மட்டும் ஜனத்தொகைக் கணக்கு சொல்லுகிறது. ஈஸ்லி தம்பதிகளின் பெண் ஆலிஸை மெல்வினியாவின் மகன் டால்பஸ் மணந்தார். உயில் ஒன்றினால் சிதறிய கூட்டம் விவாகத்தினால் ஒன்று கூடிற்று.

டால்பஸ் ஷீல்ட்ஸ் எழுதப் படிக்கக் கற்றுத் தச்சுத் தொழிலில் தேர்ந்தவர். 1888-க்கு முன்பே அலபாமா மாகாணத்து இரும்புத் தொழில் நகரமான பர்மிங்ஹாமுக்குச் சென்றார். 1900-ல் அவருக்குச் சொந்த வீடு இருந்தது; 1911-க்குள் சொந்தப் பட்டறையும் ஏற்பட்டது. இரண்டு கிறிஸ்தவக் கோவில்கள் தோன்றுவதற்கு மூலவராக இருந்தவர்களுள் அவரும் ஒருவர். 1950-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் காலமானபோது வயது 91. அந்நகரத்துக் கறுப்பர் பத்திரிகை அவருடைய மரணச் செய்தியை முதற் பக்கத்தில் பிரசுரித்தது. அதே பக்கத்தில், உயர்தரக் கல்வியிலும் ரெயில் வண்டியின் உணவுச் சாலையிலும் நிற பேதத்தைக் கண்டித்து ஸுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்புகளின் செய்தியும் வந்திருந்தது. அடிமையாகப் பிறந்த ஒருவர் இறந்த செய்தியும், அடிமைத்தனத்தின் எச்சம் ஆட்டங் கண்ட செய்தியும் அடுத்தடுத்து நின்றன.

அவருடைய தந்தை யார் என்பதும் பின்னர் ஒருவாறு தெரியவந்தது. வெள்ளை ஷீல்ட்ஸ் குடும்பத்தின் சந்ததியாரும் கறுப்பு ஷீல்ட்ஸ் குடும்பத்தின் சந்ததியாரும் மரபணுச் சோதனைக்கு இசைந்தனர். ஹென்றி ஷீல்ட்ஸின் குமாரர் சார்லஸே தந்தையாக இருக்க வேண்டுமென்று அச்சோதனை காட்டிற்று. 2012-ல் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் என்ற பத்திரிகை எழுத்தாளர் இதை ஒரு நூலாக வெளியிட்டார். ரத்தம் இன்னாருடையது என்று விஞ்ஞானம் சொல்லும். அந்தப் பதினைந்து வயதுப் பெண் என்ன பாடுபட்டாள் என்பதை அது சொல்லாது. மறுத்துச் சொல்ல உரிமையில்லாத ஒருத்தியிடத்தில் சம்மதத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்று மட்டும் நாம் சொல்வோம்.

பழைய புண்ணைக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் அந்நாட்டிலும் உண்டு. புண் ஆறியிருந்தால் இக்கேள்வி நியாயமே. உள்ளே சீழ் வைத்து மேலே மூடியிருப்பதை ஆறிய புண் என்று வைத்தியர்கள் சொல்வதில்லை. இரு நிறத்தாரும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் என்பதை ஏடு காட்டும்போது, உயர்வு தாழ்வென்று கட்டிய கோட்டை தானே இடிகிறது. ஜார்ஜியாவில் ரெக்ஸ் என்னும் அச்சிற்றூரில் 2012-ல் மெல்வினியாவுக்கு ஞாபகக் கல் நாட்டப்பட்டபோது இரு கிளையாரும் வந்து கூடினர் என்பதே இக்கேள்விக்குத் தக்க விடை. அன்றியும், ஒரு ஜன சமூகத்தை அடக்கியாள நினைப்பவர் முதலில் அதன் சரித்திரத்தை அழிக்கிறார். மீண்டு எழ நினைக்கும் சமூகம் முதலில் தன் சரித்திரத்தைத் தேடுகிறது. பாட்டியின் பெயரைத் தேடும் பேத்தி, தான் எண் அல்ல, மனிதப் பிறவி என்பதையே ஸ்தாபிக்கிறாள். செனெட் சபை 1850-ல் வோட்டெடுத்து மறுத்ததை அவள் இன்று ஏட்டுக் கட்டுகளிலிருந்து பிடுங்கி எடுக்கிறாள்.

மெல்வினியா அம்மையார் 1938-ல், தொண்ணூறு பிராயம் கடந்த பின்னர், காலமானார். மரணப் பதிவில் தாய் தந்தையரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், விவரம் கொடுத்த உறவினர் ‘தெரியாது’ என்று எழுதுவித்தார். அந்த அம்மையாருக்கே அது தெரியாமலிருந்திருக்கலாம். எண்பத்தெட்டு வருஷங்களுக்கு முன் எழுதிய உயிலில் அவர் யாருக்குச் சேர வேண்டியவள் என்பது இருந்தது. யாருக்குப் பிறந்தவள் என்பது இல்லை. அவருக்குக் கீழே ஐந்து தலைமுறைகளின் பெயர்களையும் ஆராய்ச்சியாளர்கள் நிரப்பிவிட்டனர். அவருக்கு மேலே உள்ள இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதைக் கற்பனையால் நிரப்பாமல் விட்டிருப்பதே அந்த அம்மையாருக்குச் செய்த மரியாதையாகும். அவ்வெற்றிடம் குற்றஞ் சாட்டுவது அவரையன்று. பெயரைக் கேளாமல் தலையை மட்டும் எண்ணிக்கொண்ட சர்க்காரையே. எந்த நாட்டுச் சர்க்காராயினும், தன் குடிகளுள் மிக எளியவரையும் பெயர் கேட்டு எழுதுகிறதா, எழுதிய ஏட்டைக் காக்கிறதா என்பதைக் கொண்டே அதன் நீதியை அளக்கலாம் என்பது நமது துணிபு.